சயனைடு மேடும் சமன்பாடும்

கோரமண்டல், சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் வாழ் மக்களுக்குச் சயனைடு மேட்டை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. காற்றுக் காலத்தில் அதன் தூசி நம் லைன் வீடுகளின் சோற்றுப் பானை வரை வந்து சேர்கிறது. ஆயின் அம்மேடு ஓர் இரசாயனக் கணக்கின் மிச்சம் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜான் டெய்லர் கம்பெனியார் தொடக்கத்தில் பாறையை இடித்துக் கூழாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டுப் பொன்னைப் பிடித்தனர். நுண்ணிய பொன் ஒட்டாமல் மணலோடு போயிற்று. 1887ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து மக்ஆர்தரும் பாரஸ்ட் சகோதரரும் சயனைடு முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அம்முறை தங்கவயலுக்கும் வந்தபின், கழித்த மணலே பொன் தரும் பொருளாயிற்று.

இம்முறையில் பொன், சயனைடு நீரிலும் காற்றின் பிராணவாயுவிலும் கரைகிறது, இது ஆக்சிகரணம். பிறகு துத்தநாகம் கரைந்து பொன்னை வெளியேற்றுகிறது, இது இடப்பெயர்ச்சி. நீர் அமிலமானால் உயிர்கொல்லும் ஆவி எழும். அதனைத் தடுக்கவே சுண்ணாம்பு சேர்த்தனர்.

கணக்கையும் பார்ப்போம். நான்கு பொன் அணுவுக்கு எட்டுச் சோடியம் சயனைடு மூலக்கூறு வேண்டும். அதாவது 197 கிராம் பொன்னுக்கு 98 கிராம்; ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. எவ்வளவு சிக்கனம்! ஆனால் மணலில் டன்னுக்கு 5 கிராம் பொன் என்று கொண்டால், ஒரு கிலோவுக்கு 200 டன் மணலை நனைக்க வேண்டும். டன்னுக்குக் கால் கிலோ சயனைடு என்றாலும் 50 கிலோ ஆகிறது. சமன்பாடு கேட்டதைப்போல் நூறு மடங்கு! மணலிலுள்ள செம்பும் இரும்புக் கந்தகமும் தம் பங்கை உண்டுவிடுகின்றன. பள்ளி மாணாக்கர் கணக்கும் ஆலைக் கணக்கும் வேறுபடும் இடம் இதுவே.

28-2-2001 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. மேடுகள் நின்றன, எஞ்சிய பொன்னும் அவற்றுள் நின்றது. அதனை எடுக்க, 13 மேடுகளை மீண்டும் பதப்படுத்தும் திட்டத்துக்கு 2024ஆம் ஆண்டில் கருநாடக அரசு இசைந்தது. அவ்வாறாயின் மேட்டைக் கலைக்கையில் எழும் தூசிக்கும், வெளிவரும் கழிநீருக்கும் என்ன ஏற்பாடு என்பதை மதிப்பீட்டுத் தாளின் முதல் வரியிலேயே எழுதுமாறு லைன் வீட்டார் நாம் கேட்க வேண்டும்.