குறித்த நாளும் கொடுத்த சொல்லும்



அரசன் ஆணையிட்டான், குடிகள் பணிந்தனர் என வரலாற்று நூல்கள் பலவிடத்தும் கூறும். ஆணையிடுவோன் இல்லாத ஒரு கூட்டம். பல நாடுகளிற் சிதறி வாழ்வோர். ஊதியம் கருதாது உழைப்போர். இத்தகையோர் யாவரும் ஒரு குறித்த நாளில் தம் கைவேலையை நிறுத்த வேண்டுமெனின், அதனைச் செய்விப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்ற ஒரு கூட்டத்தாரின் வரலாற்றையே இன்று கூற முற்படுகின்றேன்.

1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள், அமெரிக்காவிற் பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மேர்டொக் என்பார் டெபியன் என்னும் திட்டத்தை அறிவித்தார். கணனியை இயக்குதற்கு வேண்டிய மென்பொருள்களைத் தொகுத்து யாவர்க்கும் வழங்குவது அதன் நோக்கம். அம்மென்பொருள்களின் மூலநிரல் மறைக்கப்படுவதில்லை. எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம். ஆதலின் அவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்பர். ஒரு சிலரோடு தொடங்கிய அப்பணியில் நாளடைவில் ஆயிரம் பேரளவிற் தொண்டர்கள் சேர்ந்தனர்.

பரீட்சை அணுகும்போது நல்லாசிரியர் புதுப்பாடம் தொடங்கார். மீட்டலும் பிழை திருத்தலுமே அப்போது நடைபெறும். மென்பொருட் பணியிலும் அத்தகைய காலம் ஒன்றுண்டு. அதனை உறைநிலை என்பர். உறைநிலை தொடங்கியதும் புதிய வசதிகளைச் சேர்த்தல் நிறுத்தப்படும். கண்ட வழுக்களைக் களைதல் மட்டுமே நிகழும். வழுக்கள் போதியளவு குறைந்ததும் பதிப்பு வெளியாகும். ஆகவே குறிக்கவேண்டிய நாட்கள் இரண்டு. உறையும் நாள் ஒன்று. வெளிவரும் நாள் மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு இயல்பின என்பதனை உணர்தற்கே டெபியன் கூட்டத்தார்க்கு நெடுங்காலம் சென்றது.

முதலில் நேர்ந்த இடர் நாளைப் பற்றியதன்று, பெயரைப் பற்றியது. 1995ஆம் ஆண்டின் இறுதியில், இறுவட்டு விற்கும் நிறுவனம் ஒன்று, ஆக்கம் முடியாதிருந்த பதிப்பை டெபியன் 1.0 என்று பெயரிட்டு வெளியிட்டுவிட்டது. அது செவ்வனே இயங்கும் நிலையில் இருக்கவில்லை. அது தம் உண்மையான வெளியீடன்று என்று திட்டத்தார் டிசெம்பர் 11ஆம் நாள் அறிவிக்க நேர்ந்தது. குழப்பம் தொடராதிருக்க அவ்வெண்ணையே கைவிட்டு, 1996ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள் 1.1 என்னும் எண்ணோடு தம் பதிப்பை வெளியிட்டனர். அதற்கு ‘பஸ்’ என்று ஒரு புனைபெயரும் இருந்தது. ‘டோய் ஸ்டோரி’ என்னும் திரைப்படத்தில் வரும் பொம்மை ஒன்றின் பெயர் அது. வளர்ந்துவரும் பதிப்பைப் புனைபெயராற் சுட்டும் வழக்கம் இன்றும் நிலைத்திருக்கின்றது. முடிந்தது எது, முடியாதது எது என்பதனைச் சொல்லே காட்டிவிடல் வேண்டும் என்பது அவர்கள் கற்ற முதற்பாடம்.

அடுத்த இடர் காலத்தாழ்வு. பதிப்பு ஆயத்தமாகும்போது வெளிவரும் என்பதே அக்காலத்து அவர்தம் கொள்கை. கேட்டற்கு இது நேர்மையான கொள்கையே. ஆயினும் 2002ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள் ஒரு பதிப்பு வெளிவந்தபின், அடுத்தது வெளிவர 2005ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பயனாளர் பழைய மென்பொருளோடு காலங் கழித்தனர். இதனிடையே, 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில், டெபியனையே அடிப்படையாகக் கொண்டு உபுண்டு என்னும் தொகுப்புத் தோன்றி, ஆறு மாதத்துக்கொரு பதிப்பு என்னும் முறையைக் கைக்கொண்டது.

இனி நாள் குறித்தே ஆகவேண்டும் என்னும் எண்ணம் டெபியனிலும் வலுத்தது. அடுத்த பதிப்புக்கு 2006ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் நாள் குறிக்கப்பட்டது. அந்நாள் தவறாதிருத்தற்பொருட்டு, வெளியீட்டு முகாமையாளர் இருவர் முழுநேரம் உழைக்கும் வண்ணம் அவர்க்குப் பணம் அளிக்கும் முயற்சியொன்றும் எழுந்தது. பலர் ஊதியமின்றி உழைக்க இருவர்க்கு மட்டும் பணமா என்று மனக்கசப்புத் தோன்றிற்று. சிலர் தம் பணியைக் குறைத்துக்கொண்டனர். பதிப்பு வெளிவந்ததோ 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் நாள். நாளைக் காக்க எடுத்த முயற்சியே உளப்பிளவுக்கு வித்தாயிற்று.

2009ஆம் ஆண்டு யூலையில் ஸ்பெயின் நாட்டுக் காசெரஸ் நகரிற் கூடிய மாநாட்டின்போது, இரண்டு ஆண்டுக்கொருமுறை டிசெம்பரில் உறைநிலை தொடங்கும் என்றும், முதலாவது அவ்வாண்டு டிசெம்பரிலேயே நிகழும் என்றும் அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருந்தவை ஐந்து மாதங்களே. நாள் மிகக் கிட்டியதென்றும், உழைப்போராகிய தம்மை முன்னரே கலந்துகொள்ளவில்லையென்றும் பலர் குறைகூறினர். அறிவித்தோர் அந்நாளைக் கைவிட்டு மீண்டும் ஆலோசித்தனர். ஈற்றில் 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் உறைநிலை தொடங்கிற்று. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் பதிப்பு வெளியாயிற்று.

பின்னர் முறை மாறிற்று. 2014ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், உலகப் பொது நேரப்படி 23.59 மணிக்கு உறைநிலை தொடங்கும் என்று ஓராண்டுக்கு முன்னரே வெளியீட்டுக் குழுவினர் அறிவித்தனர். உலகெங்கும் வாழ்வோர்க்கு நாள் மட்டும் சொன்னாற் போதாது. எவ்விடத்து நாள் என்ற ஐயமும் எழுமன்றோ? ஆதலின் மணியும் நிமிடமும் குறிக்கப்பட்டன. அடுத்த பதிப்புக்கு உறைநிலை படிமுறையாக வகுக்கப்பட்டது. 2016 நவம்பர் 5, 2017 ஜனவரி 5, 2017 பெப்ரவரி 5 எனப் படிப்படியாகக் கட்டுப்பாடு இறுகிற்று. அவ்வாண்டு யூன் 17ஆம் நாள் பதிப்பு வெளியாயிற்று. அதன்பின் 2019, 2021, 2023, 2025 என ஈராண்டுக்கொரு பதிப்புத் தவறாது வந்திருக்கின்றது.

இம்மாற்றத்தின் உட்பொருள் யாது? உறையும் நாள் குழுவினரின் கையில் உள்ளது. கதவை அடைப்பேன் என்று சொன்னவர் அந்நாளில் அடைத்துவிடலாம். வெளிவரும் நாளோ வழுக்களின் கையில் உள்ளது. எத்தனை வழு எஞ்சியிருக்கும் என்பதனை எவரும் ஓராண்டுக்கு முன் அறியார். ஆதலின் முன்னதை வெகுமுன்பே உறுதியாகக் கூறினர். பின்னதை ஆயத்தம் கண்ட பின்னரே கூறினர். தம்மால் நிறைவேற்றக்கூடிய சொல்லை மட்டும் கொடுத்தமையால், அச்சொல்லுக்கு மதிப்புப் பிறந்தது.

இதில் நம்மொழிக்கும் ஒரு தொடர்புண்டு. திரையிலே தோன்றும் சொற்களைத் தமிழாக்கும் தொண்டர்கள் இருக்கின்றனர். குனோம் போன்ற திட்டங்களில், திரைச்சொற்களை இனி மாற்றலாகாது என்னும் உறைநிலை தனியே விதிக்கப்படுகின்றது. அதனை மீறி ஒருவர் சொற்றொடர்களை மாற்றுவாராயின், பல மொழிகளிற் செய்துமுடித்த வேலை வீணாகும். பதிப்பு வெளிவரும்போது தமிழ்த்திரையின் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் நிற்கும். பகற்பொழுதிலே தொழில் பார்த்து, இரவிலே விழித்திருந்து உழைத்த தொண்டரின் ஆர்வம் அதனாற் குன்றும். அத்தொண்டருக்குக் கொடுக்கத்தக்க கூலி வேறொன்றுமில்லை. சொன்ன நாளில் சொன்னபடி நடப்பதே அவர் உழைப்புக்குச் செய்யும் மரியாதை.