ஒளியை அடக்கிய படிகம்

ஒளியிழையில் செய்தி அனுப்ப, லேசருக்குப் போகும் மின்னோட்டத்தையே கூட்டிக் குறைப்பது எளிய வழி. ஆனால் அப்போது ஒளியின் அலைநீளமும் சற்றே நகர்கிறது. ஒளியிழைக்குள் ஒவ்வொரு அலைநீளமும் ஒவ்வொரு வேகத்தில் செல்வதால், தொலைதூரத்தில் துடிப்புகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். வேகம் கூடக் கூட, லேசரைச் சீராக ஒளிரவிட்டு, வெளியே தனியாக, ஒளியைச் செய்திக்கேற்ப மாற்றும் ஒரு பண்பேற்றியை வைக்கும் முறை நிலைத்ததற்கு இதுவே காரணம்.

அத்தகைய பண்பேற்றிக்கு ஒரு படிகப் பண்பு உதவியது. மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் சில படிகங்களின் ஒளிவிலகல் எண் மாறுவதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாக்கெல்ஸ் 1893-இல் ஆராய்ந்தார். பாக்கெல்ஸ் விளைவு எனப்படும் இதற்கு வாகான லித்தியம் நியோபேட் படிகம் இயற்கையில் கிடைப்பதில்லை. 1965 வாக்கில்தான் உருகிய குழம்பிலிருந்து அதைப் பெரிய ஒற்றைப் படிகமாக இழுத்தெடுக்க முடிந்தது.

ஒளிச்சுற்றுகளை ஒரே சில்லில் அமைக்கலாம் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மில்லர் 1969-இல் முன்மொழிந்தார். 1974-இல் அதே ஆய்வகத்தின் ஷ்மிட்டும் காமினோவும் அதற்கு நல்ல வழி கண்டனர். படிகத்தின் மேல் மெல்லிய டைட்டானியக் கோடு இட்டுச் சுமார் 1,000 டிகிரி உலையில் வைத்தால், உலோகம் உள்ளே ஊறும். ஊறிய தடத்தில் ஒளிவிலகல் எண் சிறிதளவு உயர, ஒளி அதைவிட்டு விலகாமல் செல்லும். இந்தத் தடத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையில் மின்முனைகள் தரும் மின்னழுத்தத்தால் ஒளியை அரை அலைநீளம் பின்தங்கச் செய்து மீண்டும் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். மின்னழுத்தத்தை மாற்றினால் ஒளி மீண்டும் தோன்றும்.

அடுத்து வந்த சிக்கல்தான் இந்த வரலாற்றிலேயே கடினமானது. படிகத்துக்குள் ஒளி உணரும் ஒளிவிலகல் எண் சுமார் 2.2, மின்முனைகளில் உடன் ஓடும் மின் அலை உணர்வதோ ஏறக்குறைய இரு மடங்கு. மின் அலை பின்தங்கிவிடுவதால், அதிக அதிர்வெண்ணில் அதன் விளைவு தன்னைத்தானே குலைத்துக்கொண்டது. மின்முனைக்கும் படிகத்துக்கும் இடையே சிலிக்கா படலம் இட்டு, தங்க மின்முனைகளைத் தடிமனாக்கினர். மின் அலையின் பெரும்பகுதி சிலிக்காவிலும் காற்றிலும் செல்ல, அது விரைந்து ஒளியோடு இணைந்தது. பொறியியல் நுட்பத்துக்கு இது அழகான சான்று.

குறை நீளத்தில் இருந்தது. தடம் ஒளியை இறுக்கிப் பிடிக்காததால் மின்முனைகளை நெருக்கி வைக்க முடியவில்லை. அதனால் மின்புலம் வலுவிழக்க, கருவி பல சென்டிமீட்டர் நீண்டது. சிறிய கருவிக்காக ஆய்வாளர்கள் சிலிக்கானை நாடினர். அதன் படிக அமைப்பில் பாக்கெல்ஸ் விளைவு இல்லை. ஆனால் அதில் மின்னூட்டத் துகள்களைக் கூட்டிக் குறைத்து ஒளிவிலகல் எண்ணை மாற்றலாம் என்று ஆய்வாளர்கள் சோரெஃபும் பென்னட்டும் 1987-இல் கணக்கிட்டுக் காட்டினர். 2004-இல் இன்டெல் நிறுவனம் 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய சிலிக்கான் பண்பேற்றியை அறிவித்தது. மலிவாகத் தயாரிக்கலாம், ஆனால் அந்தத் துகள்களே ஒளியைச் சற்று விழுங்கவும் செய்கின்றன.

இதற்கிடையே பழைய படிகம் மெலிந்து திரும்பியது. சிலிக்கா மேல் ஒட்டிய, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள லித்தியம் நியோபேட் படலத்தில் தடம் செதுக்கி, ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு நோக்கியா பெல் ஆய்வகத்துடன் சேர்ந்து 2018-இல் புதிய பண்பேற்றியை வெளியிட்டது. இறுக்கமான தடம் மின்முனைகளை நெருங்கவிட்டது. நொடிக்கு 210 கிகாபிட் வரை அனுப்பிக் காட்டினர், 1.4 வோல்ட்டே போதுமான வடிவமும் இருந்தது. சாதாரண கணினிச் சில்லுகள் தரும் மின்னழுத்தத்திலேயே, இடையில் தனிப் பெருக்கி இல்லாமல், இது இயங்கக்கூடியது.