1554 கோடி: யார் பங்கு எவ்வளவு?

அனல் மின் நிலையத்தில் நீராவியின் சூடு கூடினால் நிலக்கரிச் செலவு குறையும். 710 டிகிரி நீராவியில் இயங்கும் நிலையத்துக்கான தொழில்நுட்பத்தை இங்கேயே உருவாக்க, 2016-ல் மத்திய அமைச்சரவைக் குழு 1554 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

யார் எவ்வளவு என்பதும் வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. கனரகத் தொழில் துறை 900 கோடி, திருச்சியில் கொதிகலன் செய்யும் பெல் 270, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் 234, அறிவியல் தொழில்நுட்பத் துறை 100, என்டிபிசி 50. கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்!

2024 ஜூலை பட்ஜெட் உரையில் தொழில்நுட்பம் தயார் என்றார் நிதியமைச்சர். பெல்லும் என்டிபிசியும் சேர்ந்து 800 மெகாவாட் நிலையம் அமைக்கும். தேவையான நிதியுதவியை அரசு தரும் என்றார். எவ்வளவு? உரையில் தொகை இல்லை.

ஆராய்ச்சிக்குக் காட்டிய கணக்கை நிலையத்துக்கும் காட்டுவதுதானே முறை? மதுக்கரையில் தீப்பெட்டி வாங்குபவரும் வரி கட்டுகிறாரே!