கொழுப்பும் சிறுநீரகமும்

உணவில் கொழுப்பு அறவே இல்லையென்றால் சிறுநீரகம் கெடும் என்று முதலில் காட்டியவை எலிகள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி, பால் புரதம், சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் கொடுத்து, கொழுப்பை மட்டும் நீக்கி எலிகளை வளர்த்தார்கள். மாதங்கள் சென்றதும் வால் செதில் செதிலாக உரிந்தது, நுனி அழுகியது. சிறுநீரில் இரத்தம் வந்தது. செத்த எலிகளை அறுத்தால் சிறுநீரகம் சிதைந்திருந்தது. 1929இல் இதைப் புதிய நோய் என்றே அறிவித்தார்கள். அதைத் தீர்ப்பது லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது.

அதே ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் ஆறு மாதம் கொழுப்பில்லாச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்த்தார். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய ஒற்றைத் தலைவலிதான் விட்டுப்போனது! வளர்ந்தவர் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பே நெடுநாளைக்குக் கைகொடுக்கும். கைக்குழந்தைக்கு அந்தச் சேமிப்பு குறைவு.

லினோலியிக் அமிலத்திலிருந்து உடல் அராகிடோனிக் அமிலத்தைத் தயாரித்து, வெள்ளையணுக்களின் சவ்விலும் வைத்துக்கொள்கிறது. கிருமி நுழைந்ததும் அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்களும் லியூகோட்ரையீன்களும் பிறக்கின்றன. காய்ச்சலும் வீக்கமும் இவற்றின் கைவரிசை. புரோஸ்டாகிளாண்டின் ஆய்வுக்காக பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் மூவரும் 1982இல் நோபல் பரிசு பெற்றார்கள். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும் வேளையில் இரத்தக் குழாய்களை விரித்து வைப்பதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். உடலில் நீர் வற்றியிருக்கும்போது, அது உருவாவதைத் தடுக்கும் ஐபுபுரூஃபன் மாத்திரையைப் போட்டால் சிறுநீரகம் அடிபடுவது அதனால்தான்.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, அராகிடோனிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்து அழற்சியைத் தணிக்கிறது. ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக அழற்சி, தொண்டைத் தொற்றை ஒட்டிச் சிலருக்குச் சிவந்த சிறுநீராகத் தலைகாட்டும். இந்த நோயாளிகள் 106 பேரிடம் மேயோ கிளினிக் குழு மீன் எண்ணெயைச் சோதித்து, சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்ததாக 1994இல் வெளியிட்டது. பின்வந்த சோதனைகளில் சில அதை ஆமோதிக்கவில்லை.

சிறுநீரகத்தில் வரும் கிருமித் தொற்றின் கதை வேறு. பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா சிறுநீர்ப்பையிலிருந்து மேலேறி வருகிறது. அதன் மேலுள்ள நுண்ணிய இழைகள், சிறுநீர்ப்பாதைச் செல்களின் சர்க்கரை கோத்த கொழுப்புகளைக் கொக்கிபோல் பற்றிக்கொள்கின்றன. அந்தக் கொழுப்பு தட்டிலிருந்து வந்ததல்ல, செல்லே தயாரிப்பது. குளிர்காய்ச்சலும் விலாவலியும் வந்தால் யூரின் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பதே வைத்தியம். எண்ணெயை மாற்றிப் பயனில்லை.