கல்லில் வெட்டிய கல்லூரி விவரம்



நான் பி.காம். கடைசி வருடம். அடுத்து எம்.பி.ஏ. எங்கே சேர்வது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. அப்பா தறி நெய்கிறவர். கடன் வாங்கித்தான் சேரவேண்டும். அதனால் ஒரு மாதமாகக் கல்லூரிகளின் இணையதளங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக் கட்டடம், கோட்டு போட்ட மாணவர்கள், 'நூறு சதவிகித வேலைவாய்ப்பு' எல்லாம் இருக்கிறது. மொத்தச் செலவு எவ்வளவு என்பதைத்தான் தேடவேண்டியிருக்கிறது. என் பெரியப்பா மகன் இப்படி ஒரு தளத்தை நம்பிச் சேர்ந்தான். விடுதிக் கட்டணம் தனி என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊருக்குக் கல்விப் புகழ் புதிதல்ல. கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன், 4-ம் நூற்றாண்டில் காஞ்சியின் கடிகைக்குப் படிக்க வந்ததைக் கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. ஆனால் புகழ் மட்டும் ஒரு மாணவனுக்குப் போதுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டாமா?

அதைச் சொல்லும் கல்வெட்டும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. வாலாஜாபாத்தைத் தாண்டி, பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு உள்ளது. கோயிலோடு சேர்ந்து நடந்த கல்விச்சாலை, விடுதி, மருத்துவமனை ஆகியவற்றின் விவரம் அதில் இருக்கிறது.

ரிக் வேதத்துக்கு 10 மாணவர், யஜுர் வேதத்துக்கு 10, இலக்கணத்துக்கு 20. மற்றவர்களையும் சேர்த்து 60 பேருக்குச் சாப்பாடு. படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய். நோய் வந்தால் 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை. அதில் ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், பணிவிடைக்கு இரண்டு பெண்கள். யாருக்கு எவ்வளவு நெல் சம்பளம் என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள்.

இது மாணவர்களை அழைக்க வெட்டிய விளம்பரம் அல்ல. கோயில் வருமானம் எதற்குச் செலவாகவேண்டும் என்ற கணக்கு. அதனால்தான் 'தலைசிறந்த' என்பதற்குப் பதில் எண்ணிக்கை இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த வேதக் கல்வி பிராமணர்களுக்கு மட்டுமே. ஒரு நெசவாளியின் மகனுக்கு அங்கே இடமில்லை. இன்று எனக்கு இடம் உண்டு. ஆனால் விவரத்தை நானே தோண்டி எடுக்கவேண்டியிருக்கிறது.

அந்தக் கல்வெட்டு போல ஒரு நல்ல எம்.பி.ஏ. கல்லூரித் தளமும் கணக்குச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. எத்தனை இடங்கள்? ஆசிரியர்களின் பெயரும் தகுதியும் என்ன? விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு எவ்வளவு? வேலை தேடியவர் எத்தனை பேர், கிடைத்தவர் எத்தனை பேர்?

சம்பளத்தில் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு 20 லட்சம், மற்ற ஒன்பது பேருக்குத் தலா 3 லட்சம் என்றால் சராசரி 4.7 லட்சம் வரும். அந்தச் சம்பளம் அங்கே ஒருவருக்கும் இல்லை! நடுவில் இருப்பவர் வாங்குவது 3 லட்சம்தான். அந்த இடைநிலைச் சம்பளத்தைக் கேளுங்கள்.

அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் கட்டாயம் வெளியிடவேண்டிய விவரங்களை ஏ.ஐ.சி.டி.இ. வகுத்திருக்கிறது. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் தகவலில் இடைநிலைச் சம்பளமும் உண்டு. பல தளங்களில் இவை ஒரு மூலையில் சின்ன எழுத்தில் கிடக்கும். முதலில் அங்கே போங்கள்.

பட்டுப்புடவை வாங்க வருகிற பெரியவர்கள் முந்தானையைப் பார்த்து மயங்கமாட்டார்கள். திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். நாமும் அப்படியே செய்வோம். நம் அப்பாக்கள் கட்டப்போகும் வட்டி இது.