ஆல்டருக்குத் திரும்பும் பிரதி

காதர்பேட்டைக் கடைகளில் செகண்ட்ஸ் என்று விற்கப்படும் பனியன்களுக்குப் பின்னால் ஒரு செக்கிங் மேசை இருக்கிறது. தையல் விட்ட இடத்தில் அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பிரித்துத் தைக்க முடிந்தால் ஆல்டர், முடியாவிட்டால் செகண்ட்ஸ். ஸ்டிக்கர் துணியில்தான் ஒட்டப்படுகிறது. நம் எழுத்தாளர்களோ அதைத் தங்கள் நெற்றியில் ஒட்டியதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இயக்கம் சார்ந்தவர்களிடம் இது இன்னும் கூடுதல். ஒரு கவிதையைக் குறை சொன்னால், 'நம்ம ஆளே இப்படிப் பேசலாமா?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

தமிழ் மரபில் இதற்கு நேரெதிரான கதையொன்று உண்டு. தொல்காப்பியப் பாயிரத்துக்கு உரையெழுதிய நச்சினார்க்கினியர் சொல்வது. தொல்காப்பியர்மேல் சினம் கொண்ட அகத்தியர், அவர் நூலைக் கேட்கக் கூடாதென்று அதங்கோட்டாசானைத் தடுக்கிறார். தொல்காப்பியரோ பலமுறை போய், கேட்டே ஆக வேண்டும் என்கிறார். இருவர் கோபத்துக்கும் தப்ப, நூலைக் கேட்டுக் குற்றம் சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார் ஆசான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வருகிறது, நூல் அரங்கேறுகிறது.

இதை வரலாறாகக் கொள்ள முடியாது. அகத்தியரை முன்னிறுத்தும் புராண அரசியலும் இதற்குள் இருக்கிறது. ஆனாலும் இக்கதையில் எழுதியவனே தன் நூலைச் சோதிக்கச் சொல்லி அலைகிறான். கேட்பவருக்கு நல்லெண்ணம் இல்லை என்பது அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. கேள்வி சரியா என்பதுதான் கணக்கு.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். 1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' வந்தது. அதில் பங்கேற்ற ஞானியே அதன் கவிதைகளை மார்க்சிய நோக்கில் விமர்சித்தார். வெளியிலிருந்து வெங்கட் சாமிநாதன் போன்றோரின் தாக்குதலும் வந்தது. வெளியாளை 'அழகியல்வாதி' என்று ஒதுக்கிவிடலாம். உள்ளே இருப்பவரை எப்படி ஒதுக்குவது? உடன் நிற்பவரின் கடுமை அதிகம் வலிப்பதும், அதிகம் பயன்படுவதும் இதனால்தான்.

அப்படியானால் எல்லாக் கண்டனத்தையும் வரவேற்க வேண்டுமா? கூடாது. 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுதும் உரிமையின் பக்கம் நின்றது. திருச்செங்கோட்டில் நடந்தது விமர்சனம் அல்ல. விமர்சனம் பிரதியைத் தைத்தவன் கைக்கே திருப்பித் தருகிறது. கும்பல் அந்தக் கையையே கேட்கிறது.

இந்த வித்தியாசம் தெளிவானால் நமக்கு ஒரு சாக்குப்போக்கு குறைகிறது. கும்பலுக்குப் பணிய மறுக்கும் நியாயத்தைத் தோழனின் கேள்வியைத் தட்டிக்கழிக்கப் பயன்படுத்த முடியாது. அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப் பிரதியை நம்மோடு உடன்படாத ஒருவரிடம் கொடுப்போம். 'நல்லாருக்கு தோழர்' என்று மட்டும் சொல்பவர் நம்மை நேராகக் காதர்பேட்டைக்குத்தான் அனுப்பிவைக்கிறார்.