ஆறு துண்டு ஒட்டகம்: மர விளையாட்டுப் பொருள்களின் வரலாறும் ஒரு மார்க்கக் கேள்வியும்

 

புதுவை நகரில் நாம் பாடம் நடத்தும் மாலை நேர மக்தபிற்குச் சென்ற ஆண்டு ஒரு சிறுவன் துணிப்பையொன்றைக் கொண்டுவந்தான். அதனுள் ஆறு மரத்துண்டுகள் இருந்தன. அவற்றை முறையாகப் பொருத்தினால் ஓர் ஒட்டகம் எழுந்து நிற்கும். அவனுடைய தாயார் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறு அறுவை இயந்திரத்தை வைத்துக்கொண்டு யானை, ஆமை, ஒட்டகம் என்று அறுத்து, சாயம் ஏற்றிக் கடைகளுக்கு விற்று வருகிறார். அந்த வருமானத்தில்தான் வீடு நடக்கிறது.

மூத்த மாணவன் ஒருவன் அதைக் கண்டு, "உருவம் செய்வது ஹராம்" என்று சொல்லிப் பிடுங்கி எறிந்தான். ஒட்டகத்தின் கழுத்து முறிந்தது. நாமும் பாடத்தின் அவசரத்தில், "இதையெல்லாம் இங்கே கொண்டுவராதே" என்று மட்டும் சொல்லி அவனை அனுப்பிவிட்டோம். மறுநாள் அவன் வந்து கேட்டான்: "ஹஜ்ரத், அப்படின்னா எங்க உம்மா சம்பாதிக்கிறது ஹராமா?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட நம்மால் இயலவில்லை. நூல்களைப் புரட்டினோம், வரலாற்றையும் தேடினோம். அவற்றில் கிடைத்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

மதீனாவின் வீடுகளில்

முதலில் மதீனாவுக்குச் செல்வோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளை வைத்து விளையாடியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இன்னும் விரிவானது. தபூக் அல்லது கைபர் போரிலிருந்து நபி (ஸல்) அவர்கள் திரும்பியிருந்த வேளையில் காற்று வீசித் திரை விலகியது. அன்னையவர்களின் விளையாட்டுப் பொருள்கள் வெளியே தெரிந்தன. அவற்றின் நடுவே துணித்துண்டால் இரு சிறகுகள் வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகு உண்டா என்று நபியவர்கள் வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்குச் சிரித்தார்கள்.

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியும் நாம் அறிந்ததே. ஆஷூரா நாளில் நோன்பு வைத்த பிள்ளைகள் உணவு கேட்டு அழும்போது, நோன்பு திறக்கும் நேரம் வரை அவர்களைத் தேற்றுவதற்காகக் கம்பளி ரோமத்தால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்தார்கள். பெற்றோரே தம் கைகளால் செய்து கொடுத்த விளையாட்டுப் பொருள் அது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்வோருக்குக் கடுமையான எச்சரிக்கை நபிமொழிகளில் உண்டு. உருவம் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைச் சொன்னபோது, செய்தே ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யும்படி அவர்கள் அறிவுரை கூறினார்கள். மூத்த மாணவன் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு அன்று. அவன் அறிந்தது பாதி, அவ்வளவே.

இவ்விரண்டையும் அறிஞர்கள் எவ்வாறு இணைத்துப் பார்த்தார்கள்? பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் பொதுத் தடையிலிருந்து விலக்குப் பெற்றவை என்பதே பெரும்பான்மையோரின் கருத்து என்று காழீ இயாழ் (ரஹ்) எடுத்துரைத்தார்கள். அவற்றை விற்பதையும் அவர்கள் அனுமதித்ததாக இப்னு ஹஜர் (ரஹ்) தம் ஃபத்ஹுல் பாரீயில் பதிவு செய்துள்ளார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அவற்றை விலைக்கு வாங்குவதை விரும்பவில்லை என்றும் ஒரு செய்தி உண்டு. அனுமதி பின்னர் மாற்றப்பட்டுவிட்டது என்று கருதியோரும் சிலர் உளர். கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து ஒட்டகத்தைப் பிடுங்கி எறிவது மார்க்க அறிவு ஆகாது.

புதுவையிலிருந்து புறப்பட்ட தூதர்கள்

இனி நம் மண்ணின் வரலாற்றுக்கு வருவோம். தென்னிந்தியாவில் மர விளையாட்டுப் பொருள்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பெங்களூரு-மைசூரு சாலையில் உள்ள சன்னபட்டணம். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து அவ்வூராருக்கு இக்கலையைக் கற்பித்தார் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வாய்மொழி மரபு எனினும், திப்புவின் இயல்போடு அது ஒத்துப்போகிறது. அதற்கான சான்று நம் புதுவைத் துறையிலேயே இருக்கிறது.

1787-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலீ கான், முஹம்மது உஸ்மான் கான் என்னும் மூன்று தூதர்கள் புதுவையிலிருந்து கப்பலேறினார்கள். மறு ஆண்டு ஜூனில் தூலோன் துறைமுகத்தை அடைந்து, ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். ஆங்கிலேயருக்கு எதிரான படை உதவியே அவர்களின் முதன்மை நோக்கம், அது கைகூடவில்லை. ஆயினும் திப்பு கேட்டனுப்பியவற்றுள் கைத்தொழில் அறிந்தோரும் இருந்தனர். நெசவாளர், கடிகாரம் செய்வோர் முதலிய சில பிரெஞ்சுக் கைவினைஞர்கள் அவ்வாறு மைசூர் வந்தனர். படைக்கலத்தைப் போலவே கைத்திறனும் ஒரு நாட்டின் வலிமை என்று அவர் கருதியதற்கு இதுவே அடையாளம்.

திப்புவின் மற்றொரு மர விலங்கு உலகப் புகழ் பெற்றது. ஐரோப்பியச் சிப்பாய் ஒருவனை வீழ்த்தி அவன்மேல் நிற்கும் மரப்புலி அது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும். வீழ்ந்தவன் கை அசையும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். இன்று அது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது அரசரின் காட்சிப்பொருள். பிள்ளையின் விளையாட்டுப் பொருளுக்கு உரிய விலக்கு அதற்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

சன்னபட்டணத்தின் அரக்கு

சன்னபட்டணத்தில் இத்தொழில் செய்வோருள் முஸ்லிம் குடும்பங்கள் பல. அவ்வூரின் பொம்மைத் தொழிலுக்குத் தந்தை என்று போற்றப்படுபவர் பாவாஸ் மியான். ஜப்பானியர் மரப்பொம்மை செய்யும் முறைகளை அறிந்து, அவற்றை ஊராருக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர் என்பர். கற்ற வித்தையைத் தம் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் ஊருக்கே கொடுத்ததால்தான் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அங்கே பயன்படும் மரம் கன்னடத்தில் ஆலே எனப்படும். நம் ஊரில் வெட்பாலை. வெண்ணிறமும் நெருக்கமான இழையும் கொண்ட மென்மரம். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். அதன்பின் தாழை மடலை வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறம், அவுரியிலிருந்து நீலம் என்று தாவரச் சாயங்களை அரக்கில் கலப்பது வழக்கம். 2005-06-இல் இப்பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் இதே கடைசல், அரக்கு மரபைச் சேர்ந்தவையே.

அறுத்துச் சேர்க்கும் கலை

கடைசலில் உருளை வடிவங்களே வரும். ஒட்டகத்தின் திமிலும் யானையின் துதிக்கையும் வளைந்து வர வேண்டுமாயின் வேறொரு கருவி தேவை. நூல்போல் மெலிந்த அலகு மேலும் கீழுமாக அசையும் வாள் அது. இன்று ஸ்குரோல் சா என்று கடைகளில் கிடைக்கிறது. அதன் மூதாதை ஐரோப்பியத் தச்சர்களின் கைவாள். பல நிற மரங்களைப் பூவும் கொடியுமாக அறுத்து மேசை, அலமாரிகளில் பதிக்கும் வேலைக்கு அது பயன்பட்டது. பிரான்சில் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642-1732) அக்கலையில் பெயர் பெற்றவர்.

பதிக்கும் வேலை, பிரித்துச் சேர்க்கும் விளையாட்டானது லண்டனில். 1760-களில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடங்களை மெல்லிய மஹோகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டின் வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் துண்டுகளைச் சேர்த்துப் புவியியல் கற்றார்கள். அவருக்கு முன்பே, லண்டனில் ஆசிரியையாக இருந்த லெப்ரான்ஸ் தெ போமோன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி மர வரைபடங்களைக் கொண்டு பாடம் நடத்தினார் என்று ஆய்வாளர் கூறுவர். ஆக, இதுவும் ஓர் ஆசிரியரின் கருவியாகவே பிறந்தது.

அக்காலத்தில் நம் ஊரின் நிலை என்ன? 1761 ஜனவரியில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. 1763-இன் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின்னரே பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. லண்டனில் பிள்ளைகள் வரைபடத்தைச் சேர்த்து விளையாடிய அதே ஆண்டுகளில், இங்கே வல்லரசுகள் வரைபடத்தையே துண்டாடிக்கொண்டிருந்தன.

சாயமும் சந்தையும்

அந்தச் சகோதரியின் வேலையை அவர் குடும்பத்தாரின் முன்னிலையில் நேரில் கண்டோம். ஏறக்குறைய முக்கால் அங்குலப் பலகையில் வரைபடத்தாளை ஒட்டுகிறார். முதலில் வெளிக்கோடு, பிறகு உட்கோடுகள். ஒவ்வொரு துண்டிலும் குமிழ் ஒன்றும் அதற்கு ஏற்ற பள்ளம் ஒன்றும் வேண்டும், இல்லையேல் நிற்காது. கழுத்துப் போன்ற ஒடுங்கிய பகுதிகளில் மரத்தின் இழை நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எளிதில் முறியும். அறுத்தபின் விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கி, சாயம் ஏற்றி, உலர்ந்தபின் தேன்மெழுகு தேய்க்கிறார்.

வணிகத்தில் மார்க்கம் கேட்கும் கேள்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள். 2007-இல் சீனாவில் உற்பத்தியான லட்சக்கணக்கான பொம்மைகள், வண்ணப்பூச்சில் ஈயம் இருந்ததால் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டில் வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு உண்டு. வீட்டில் தொழில் செய்யும் நம் சகோதரிகள் பலர் இதை அறியார். பதிவு செய்துகொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பு.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. ஈரத்தை மேலே வைக்காமல் மறைத்த வணிகரை அவர்கள் கண்டித்தார்கள். மரத்தின் வெடிப்பை மக்கு அடைத்துச் சாயத்தால் மூடி விற்பதும், மலிவான வண்ணத்தைப் பூசிவிட்டு இயற்கைச் சாயம் என்று சொல்வதும் அந்த ஈரத்தானியத்தின் வகையே. அந்தச் சகோதரி வெடித்த துண்டுகளைத் தனிக்கூடையில் ஒதுக்கி அடுப்புக்கு அனுப்புவதைக் கண்டு மனம் நிறைந்தோம்.

ஒரு செய்தியை மட்டும் அவரிடம் எடுத்துரைத்தோம். பிள்ளைகளின் விளையாட்டுக்கு உரிய விலக்கு, பெரியவர்கள் கூடத்தில் வைத்து அழகு பார்க்கும் உருவங்களுக்கும் உண்டு என்று கொள்ள இயலாது. சுற்றுலாப் பயணிகளுக்கான அலங்காரப் பொருள் கேட்டு வரும் கடைக்காரர்களுக்கு, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் காட்டிய வழியில் மரம், படகு, கலங்கரை விளக்கம் என்று அறுத்துக் கொடுக்கலாம். விலங்குகளைப் பிள்ளைகளுக்கென்றே செய்து, கண்ணும் வாயும் வரையாமல் வெளிக்கோட்டோடு விட்டுவிடுவது பேணுதலுக்கு நெருக்கமானது. அவர் சிரித்துக்கொண்டே, "கண் வைக்கிறதுக்குத்தான் ஹஜ்ரத் நேரம் அதிகம் ஆகுது, விட்டுட்டா எனக்கு லாபம்" என்றார்.

அந்தச் சிறுவனுக்குச் சொன்ன பதில்

தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். நூஹ் (அலை) அவர்களின் கப்பலும் மரவேலையே. மரத்தூள் படிந்த கை நம் சமுதாயத்தில் தாழ்ந்த கை அன்று.

மக்தபில் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அந்தச் சிறுவனை அழைத்து, அவன் தாயாரின் உழைப்பு ஹலாலானது என்று சொன்னோம். அன்று அவனை விசாரிக்காமல் அனுப்பியது நம் தவறு என்பதையும் ஒப்புக்கொண்டோம். சபையில் உண்டான காயத்தைச் சபையிலேயே ஆற்றுவதுதான் முறை. மூத்த மாணவன் தானாகவே எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டான். மறுவாரம் அவன் தன் தங்கைக்கென்று காசு கொடுத்து ஓர் ஆமை வாங்கிச் சென்றதாக அறிந்தோம்.

முறிந்த கழுத்துக்குப் பதிலாகப் புதிய துண்டு ஒன்றை அத்தாயார் அறுத்துக் கொடுத்தார். அந்த ஒட்டகம் இப்போது மக்தபின் சிறு வகுப்பில் இருக்கிறது. அரபு எழுத்துகளைத் தவறின்றி ஒப்பிக்கும் பிள்ளை அதைப் பொருத்திப் பார்க்கலாம் என்பது அங்குள்ள வழக்கம்.

ஹலாலான உழைப்பில் அல்லாஹ் நம் அனைவருக்கும் பரக்கத் செய்வானாக. அறிந்ததை அறிந்த அளவோடு, மென்மையாகச் சொல்லும் நாவை நமக்குத் தருவானாக. ஆமீன்.